வீட்டு வெட்டு இயந்திரம்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அக்குறணையில் பென்ஸி பொருட்கள் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். என்னை விட வயதில் மூத்தவர். வியாபாரத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர்.

"தம்பி, கனடாவில இருக்கிற மச்சான் ஒரு கட்டிங் மெஷினும் அதோட ஒரு ஹீட் பிரஸும் அனுப்பியிருக்கிறார். பேர் போட்ட டீ-சேர்ட், கலியாணக் காட் எல்லாம் வீட்டிலேயே செய்யேலுமாம். மகளும் படிப்பு முடிச்சிட்டு வீட்டிலதான் இருக்கிறா. இன்னும் கொஞ்சம் காசு போட்டு ஒழுங்காத் தொடங்கினா என்ன?"

"ஹீட் பிரஸைப் போட்டுப் பார்த்தீங்களா நானா?" என்று கேட்டேன்.

"போட்டேன். கொஞ்ச நேரத்தில புகை வந்திட்டுது."

காரணம் எளிமையானது. வட அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். எமது நாட்டில் 230 வோல்ட். வெட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் அடப்டருடன் வருவதால் தப்பித்துக் கொள்கின்றன. ஆனால் சூடேற்றும் கருவிகள் அந்தந்த நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்யப்படுகின்றன. பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு பட்டியைப் படித்திருந்தால் அந்தச் சாமான் பிழைத்திருக்கும்.

நண்பருக்குச் சொன்னதை விரிவாக எழுதினால் வேறு பலருக்கும் பயன்படும் என்பதாலேயே இவ்வாரம் இந்தத் தொழிலை எடுத்துக் கொள்கிறேன். சிறு முதலில் வீட்டிலிருந்தே நடத்தக் கூடிய தொழில்தான். ஆனால் கணக்கைப் பிழையாகப் போட்டு நட்டப்படுவோரும் இதில் அதிகம்.

இயந்திரம் என்ன செய்கிறது?

பார்ப்பதற்கு ஒரு பிரின்டர் போல இருக்கும். மை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கத்தி இருக்கும். கணினியிலோ தொலைபேசியிலோ நாம் வரைந்த கோட்டின் வழியே அந்தக் கத்தி ஓடி, கடதாசியையோ வைனில் எனப்படும் பிளாஸ்டிக் தாளையோ வெட்டித் தருகிறது. பசையுள்ள ஒரு பாயின் மீது கடதாசியை ஒட்டி உள்ளே விட வேண்டும். கத்தி இடம் வலமாக நகர, உருளைகள் பாயை முன்னும் பின்னும் இழுக்கும். இந்த இரண்டு அசைவுகளும் சேர்ந்தே எந்த வடிவமும் உருவாகிறது.

கத்திக்குப் பதில் பேனாவைப் பொருத்தினால் எழுதும். மழுங்கிய ஊசியைப் பொருத்தினால் காட் மடியும் இடத்தில் கோடு போட்டுத் தரும்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரோவோ கிராஃப்ட் நிறுவனம் 'கிரிகட்' என்ற பெயரில் இத்தகைய இயந்திரத்தை வீட்டுப் பாவனைக்கு விற்கத் தொடங்கியது. அன்று வடிவங்கள் தனித்தனிக் கார்ட்ரிஜ்களில் வந்தன. வேறு வடிவம் வேண்டுமென்றால் வேறு கார்ட்ரிஜ் வாங்க வேண்டும். இன்று நாமே வரைந்த எதையும் வெட்டலாம். கிரிகட் தவிர 'சில்லவெட் கமியோ', 'பிரதர் ஸ்கேன்என்கட்' என்பனவும் பெயர் பெற்றவை. பிரதர் இயந்திரத்தில் ஸ்கேனர் உள்ளேயே இருப்பதால் கையால் வரைந்த படத்தையும் அப்படியே வாசித்து வெட்டும்.

எதை வாங்குவது?

வாங்குமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது அகலம். வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்றிமீற்றர் அகலமே வெட்டும். ஆனால் துணிக்கான வைனில் கடைகளில் பொதுவாக 50 சென்றிமீற்றர் அகல உருளையாகவே கிடைக்கும். இந்த வித்தியாசம் இலாபத்தை எப்படித் தின்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். வாகன ஸ்டிக்கர் கடைகளில் உள்ள 60 சென்றிமீற்றர் பிளொட்டர் உருளையை முழுதாகவே விழுங்கும். துணி வேலையும் ஸ்டிக்கர் வேலையும் மட்டும் செய்பவருக்கு அதுவே பொருத்தம். தடித்த காட் கடதாசியைப் பாயில் ஒட்டி நுணுக்கமாக வெட்டுவதற்கு வீட்டு இயந்திரமே வசதி.

இரண்டாவது அழுத்தம். கத்தி எவ்வளவு பலத்துடன் கீழே அழுத்தும் என்பதை கிராமில் சொல்வார்கள். கிரிகட் எக்ஸ்ப்ளோர் வகை சுமார் 400 கிராம் அழுத்தமும், 2017இல் வந்த மேக்கர் வகை சுமார் 4 கிலோகிராம் அழுத்தமும் தரக் கூடியவை. வைனிலுக்கும் காட் கடதாசிக்கும் முதலாவதே போதும். தோல், மெல்லிய பலகை, தனித்துணி என்பவற்றை வெட்ட நினைப்பவர் மட்டும் இரண்டாவதற்குக் காசு கொடுக்கட்டும். செய்யாத வேலைக்கான பலத்துக்கு விலை கொடுப்பது வீண்.

மூன்றாவது மென்பொருள். இதைப் பலர் கவனிப்பதில்லை. கிரிகட் இயந்திரத்தை அந்த நிறுவனத்தின் மென்பொருளில், இணையக் கணக்கு ஒன்றைத் திறந்தே பாவிக்க வேண்டும். 2021 மார்ச்சில், மாதாந்தக் கட்டணம் செலுத்தாதவர்கள் மாதத்துக்கு 20 வடிவங்களையே ஏற்றலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால் சில நாட்களுக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. கட்டுப்பாடு நீங்கியது என்றாலும் பாடம் நீங்கவில்லை. எமது மேசையில் உள்ள இயந்திரத்தின் சாவி இன்னொருவர் கையில் இருக்கலாம். எனவே, இணையம் இல்லாமல் வேலை செய்யுமா, வெளியில் வரைந்த எஸ்.வி.ஜி. கோப்பை இலவசப் பதிப்பிலேயே திறக்க முடியுமா என்று விற்பவரிடம் செய்து காட்டச் சொல்லிய பின்பே காசை எண்ணுங்கள்.

துணி வேலை

சூட்டில் ஒட்டும் வைனில் இரண்டு படைகளைக் கொண்டது. மேலே தெளிவான பிளாஸ்டிக் தாள். அடியில் நிறமுள்ள படை, அதன் பின்புறத்தில் சூட்டில் உருகும் பசை. பளபளப்பான பிளாஸ்டிக் பக்கத்தைக் கீழே வைத்து, நிறப் படையை மட்டும் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் தாள் வெட்டுப்படக் கூடாது. பின்னர் தேவையற்ற பகுதிகளைக் கொக்கியால் கிள்ளி எடுக்க வேண்டும். எஞ்சியதைத் துணியில் வைத்துச் சூட்டில் அழுத்திப் பிளாஸ்டிக்கை உரித்தால் வேலை முடிந்தது.

சாதாரண பருத்தி டீ-சேர்ட்டுக்கு 150 முதல் 160 பாகை செல்சியஸ் சூட்டில் 10 முதல் 15 செக்கன் போதுமானது. ஆனால் வைனிலுக்கு வைனில் இது மாறும். சூடாக உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்பதும் அப்படியே. உருளையை வாங்கும்போதே அதன் அறிவுறுத்தல் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

கை தேர்ந்தவர்கள் செய்யும் மூன்று காரியங்கள் உண்டு. வைனிலை வைக்குமுன் வெறும் சேர்ட்டை 5 செக்கன் அழுத்தி ஈரத்தை வெளியேற்றுவார்கள். தையல், பொத்தான் உள்ள இடங்களில் உள்ளே ஒரு சிறு தலையணையை வைத்து மேற்பரப்பைச் சமப்படுத்துவார்கள். சேர்ட்டைக் கொடுக்கும்போது, 24 மணித்தியாலத்துக்குக் கழுவ வேண்டாம், உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவுங்கள், எழுத்தின் மேல் நேரடியாக ஸ்திரிக்கை வைக்க வேண்டாம் என்று எழுதிய துண்டு ஒன்றையும் வைப்பார்கள். உரிந்து விட்டது என்று திரும்பி வரும் சேர்ட்டுகளில் பல இந்த மூன்றில் ஒன்று தவறியதால் வருபவை.

அபாயா வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அபாயாத் துணிகளில் பெரும்பாலானவை பொலியெஸ்டர். பருத்திக்குரிய சூட்டை அதற்குக் கொடுத்தால் அழுத்திய இடம் மட்டும் பளபளத்துச் சதுரமாகத் தடம் விழும். அது கழுவினாலும் போகாது. குறைந்த சூட்டில் ஒட்டும் வைனிலை வாங்கி, முதலில் உள்மடிப்பில் சிறு துண்டை ஒட்டிப் பாருங்கள். ஒரு டீ-சேர்ட் பழுதானால் சில நூறு ரூபாதான் போகும். வாடிக்கையாளர் கொண்டு வந்து தந்த அபாயா பழுதானால் பணத்தோடு பெயரும் போகும்.

இன்னொன்று, பீ.வீ.சீ. வைனிலை லேசர் வெட்டும் கடையில் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள். லேசர் சூட்டில் அது குளோரின் கலந்த நச்சுப் புகையை வெளிவிடும். கத்தியால் வெட்டுவதில் அந்த ஆபத்து இல்லை.

காட் வேலை

புறக்கோட்டை மலிபன் வீதியில் ஏறி இறங்கினால் காட் கடதாசியில் எத்தனை வகை உண்டு என்பது தெரியும். 200 முதல் 300 கிராம் கனமுள்ள கடதாசி இவ்வேலைக்கு ஏற்றது. எமது காலநிலையில் கடதாசி ஈரத்தை இழுக்கும். ஈரமான கடதாசியை வெட்டினால் ஓரம் பஞ்சு போலக் கிழியும். பொதியைப் பிரித்தபின் மீதியைப் பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி வையுங்கள். ஒவ்வொரு புதுக் கடதாசியிலும் முதலில் மூலையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்த்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

இத்தொழிலில் இறங்குவோர் முதலில் ஆசைப்படுவது சரிகை போல நுணுக்கமாக வெட்டிய கலியாணக் காட்டுக்குத்தான். இங்கேதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும். அப்படியான ஒரு காட் வெட்டி முடிய 6 நிமிடம் என்று வைத்துக் கொள்வோம். 300 காட்டுக்கு 1,800 நிமிடம். அதாவது 30 மணித்தியாலம். நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் இயந்திரம் ஓடினால் 5 நாள். பாயிலிருந்து உரித்தெடுப்பதும், உள்தாள் ஒட்டுவதும், உறையிலிடுவதும் அதற்கு மேல். கலியாண வீட்டார் அவசரப்படுத்தும்போது இந்த 5 நாளை எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது.

300, 500 காட் அச்சகத்துக்கும் லேசர் இயந்திரம் உள்ளவருக்கும் உரிய வேலை. எமக்குரியது அச்சகம் வேண்டாமென்று தள்ளும் 25, 50 காட் ஓடர்கள். பெரிய ஓடர்தான் வேண்டுமென்றால், காட்டை அச்சகத்தில் அடித்துக் கொண்டு, அதைச் சுற்றி வரும் பெயர்ப் பட்டியை மட்டும் நாம் வெட்டலாம். 5 சென்றிமீற்றர் அகலப் பட்டி ஒரு தாளில் 5 வரும். 300 காட்டுக்கு 60 தாள் போதும். பார்வைக்குக் காட்டின் மதிப்பும் கூடும், எமது உழைப்பும் குறையும்.

எழுத்தும் பெயரும்

வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்கள் ஆங்கில எழுத்தை வைத்தே கற்பிக்கின்றன. எமது சிக்கல் வேறு.

துணிக்கான வைனிலை எப்போதும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பியே வெட்ட வேண்டும். சாதாரண ஸ்டிக்கரைத் திருப்பக் கூடாது. இரண்டையும் மாறி மாறிச் செய்யும் நாளில்தான் தவறு நடக்கும். அறபு எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர் இயந்திரத்தில் இருந்தால், தலைகீழாகப் போனதை அவரது கண் பிடிக்காது. வெட்டுமுன் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது, பல வெட்டு மென்பொருள்கள் தமிழ், சிங்களம், அறபு எழுத்துக்களைச் சரியாகச் சேர்ப்பதில்லை. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். அறபு எழுத்துக்கள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நிற்கும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அனுப்பும் பெயர் யூனிகோட். அதைப் பாமினி எழுத்துருவில் ஒட்டினால் புரியாத குறிகளே வரும். இதற்குப் பரிகாரம், இன்க்ஸ்கேப் போன்ற இலவச வரைபட மென்பொருளில் பெயரை எழுதி, எழுத்தை வெறும் கோடாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து வெட்டு இயந்திரத்துக்குக் கொடுப்பதுதான். கோடாக மாற்றியபின் எந்தக் கணினியிலும் எழுத்து குலையாது.

மூன்றாவது, புள்ளி. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டு. அறபியில் பா, தா போன்ற எழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவதே புள்ளிதான். தேவையற்றதைக் கிள்ளும்போது புள்ளியும் சேர்ந்து போய்விட்டால் பெயரே மாறிவிடும். புள்ளியை 3 மில்லிமீற்றரை விடச் சிறிதாக்காமல் வரைவது நல்லது. கடதாசியில் எழுத்தைத் துளையாக வெட்டும்போது 'ழ', 'ண' போன்றவற்றின் உள்வளையங்கள் உதிர்ந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். மெல்லிய பாலம் ஒன்றை விட்டே வெட்ட வேண்டும்.

பாத்திமா என்ற ஒரே பெயரை ஒரு வீட்டில் 'ஃபாத்திமா' என்றும் இன்னொரு வீட்டில் 'பாதிமா' என்றும் எழுதுவார்கள். எழுதித் தருவோர் சரி, நாம் எழுதியது பிழை. ஆகவே பெயரை வாயால் கேட்டு எழுதாதீர்கள். அவரே எழுதி அனுப்பட்டும். நாம் வரைந்த மாதிரியைப் படமாக அனுப்பி, 'சரி' என்ற பதில் எழுத்தில் வந்த பின்பே வெட்டுங்கள். ஒரு நிமிடம் எடுக்கும் இந்தப் பழக்கம் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

அழைப்பிதழில் இறைவசனம் போடுவது பற்றியும் வாடிக்கையாளரிடம் முன்பே பேசிக் கொள்ளுங்கள். விழா முடிந்ததும் காட் குப்பைக்குப் போகிறது என்பதால் பலர் அதை விரும்புவதில்லை. வெட்டியபின் எஞ்சும் துண்டுகளையும் கவனமாக எடுத்து வைக்க வேண்டும்.

உண்மையான அடக்கவிலை

இனி கணக்கு. கீழே வருவன இன்றைய சந்தை விலைகள் அல்ல. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக் கொண்ட தொகைகள். உங்கள் விலைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு மீற்றர் வைனில் 1,800 ரூபா. அகலம் 50 சென்றிமீற்றர். ஆக 5,000 சதுர சென்றிமீற்றர். ஒரு சதுர சென்றிமீற்றர் 36 சதம். எமது வடிவம் 24க்கு 20, அதாவது 480 சதுர சென்றிமீற்றர். பெருக்கினால் சுமார் 173 ரூபா. பலர் இத்தோடு கணக்கை முடித்துக் கொள்வார்கள்.

ஆனால் இயந்திரம் 30 சென்றிமீற்றருக்கு மேல் ஏற்காது. உருளையில் 30 சென்றிமீற்றரை வெட்டியெடுத்தால் ஒரு மீற்றரில் 4 வடிவங்களே வரும். மீதி 20 சென்றிமீற்றர் துண்டு மூலையில் கிடந்தால் வடிவமொன்றின் செலவு 450 ரூபா. அதே உருளையை 25, 25 ஆக இரண்டு துண்டாக்கினால் துண்டுக்கு 4 வீதம் 8 வடிவங்கள் வரும். அப்போது 225 ரூபா. கத்தரியை எங்கே வைப்பது என்ற ஒரு முடிவு செலவைப் பாதியாக்குகிறது.

இப்போது 20 சேர்ட் ஓடர் ஒன்றில் ஒரு சேர்ட்டின் அடக்கவிலை. வெறும் சேர்ட் 900. வைனில் 225. இருபதில் ஒன்று பழுதாகும் என்று ஒதுக்க வேண்டியது 56. மணித்தியாலம் 300 ரூபா கூலியில் 15 நிமிட வேலைக்கு 75. கத்தி, பாய், மின்சாரம், பை எல்லாம் 40. வடிவம் வரையச் சென்ற ஒரு மணித்தியாலத்தை 20ஆல் பிரித்தால் 15. கூட்டினால் 1,311 ரூபா.

இதில் இயந்திரத்தின் பங்கு இல்லை. இயந்திரமும் ஹீட் பிரஸும் 2,40,000 ரூபா, ஆயுள் 3 வருடம் என்றால் மாதத்துக்கு 6,667 ரூபா. மாதம் 100 சேர்ட் போனால் சேர்ட்டுக்கு 67. மாதம் 20 மட்டும் போனால் 333. ஆக, உண்மையான அடக்கவிலை முதலாமவருக்கு 1,378. இரண்டாமவருக்கு 1,644. இருவரும் 1,750க்கு விற்றால் முதலாமவருக்கு 372 ரூபா இலாபம். இரண்டாமவருக்கு 106 ரூபா. ஒரே இயந்திரம், ஒரே சேர்ட், ஒரே விலை. வித்தியாசம் ஓடரில்தான்.

போட்ட முதல் திரும்பி வரும் காலத்தையும் பாருங்கள். இயந்திரப் பங்கைச் சேர்க்காமல் ஒரு சேர்ட்டில் நிற்பது 439 ரூபா. 2,40,000 ரூபாவை எடுக்க 547 சேர்ட் விற்க வேண்டும். மாதம் 50 என்றால் 11 மாதம். மாதம் 20 என்றால் இரண்டு வருடத்துக்கும் அதிகம். கடன் பட்டு இயந்திரம் வாங்குபவர் இந்த இரண்டு வருடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகள் வேலை செய்வதால் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எமது சமூகத்தில் பழகிப் போன தவறு. மகளின் 15 நிமிடத்துக்கும் விலை உண்டு. அதை எழுதி, மாத முடிவில் அவர் கையில் கொடுங்கள். நாளை அவர் திருமணமாகிப் போனால், ஆள் வைத்து நடத்தும்போதுதான் அந்தத் தொழில் இலாபமா நட்டமா என்பது தெரிய வரும். அது அன்று தெரிவதை விட இன்றே தெரிவது நல்லது.

எந்த ஓடர், எந்த விலை?

ஒரே வடிவத்தில், ஒரே நிறத்தில் 100 சேர்ட் கேட்டால் அது ஸ்கிரீன் பிரின்ட் காரருக்குரியது. பல நிறப் படங்கள் கேட்டால் இப்போது டி.டி.எப். எனப்படும் பிளாஸ்டிக் தாள் அச்சு மலிவு. அந்த இயந்திரத்தை நாம் வாங்க வேண்டியதில்லை. அச்சிட்டுத் தருவோரிடம் மீற்றர் கணக்கில் வாங்கி எமது ஹீட் பிரஸில் ஒட்டிக் கொடுக்கலாம். எமது பலம் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பெயரும் இலக்கமும் வரும் வேலையில்தான். கிரிக்கெட் அணி, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலிலும் கொப்பியிலும் ஒட்டும் பெயர்ப் பட்டி, புது வீட்டுக்குப் பெயர், கடைக் கண்ணாடிக்கு எழுத்து என்பன அவை.

தனியாக ஒரு சேர்ட் கேட்பவருக்கு 20 சேர்ட்டின் விலையைச் சொல்லாதீர்கள். வைனில் வீணாகி 450 ஆகும். வரையும் ஒரு மணித்தியாலம் முழுவதும் அவர் தலையில்தான். மாதம் 100 சேர்ட் போகும் இடத்திலும் அவருடையது மட்டும் 1,888 ரூபா அடங்கும். 1,750க்குக் கொடுத்தால் சிரித்துக் கொண்டே நட்டப்படுகிறோம்.

விலையைச் சொல்லும்போது அதற்கு ஒரு முடிவுத் திகதியும் சொல்லுங்கள். வைனில் இறக்குமதிப் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பின் தருவதாகப் பழைய விலையில் ஓடர் எடுத்தவர்கள் அன்று பட்ட பாடு எமக்குப் பாடமாக இருக்கட்டும். விலை இரண்டு வாரத்துக்குத்தான், பாதி முற்பணம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் எழுதிய பொருளை வேறு எவருக்கும் விற்க முடியாது என்பதால் முற்பணம் இல்லாமல் கத்தியை இறக்கக் கூடாது.

பருவத்தையும் பாருங்கள். இரு பெருநாட்களும் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாள் முன்னோக்கி வருகின்றன. சென்ற வருடக் கொப்பியில் உள்ள திகதியை நம்பிச் சரக்கு எடுத்தால் பிந்திவிடும்.

சட்டம் தெரிந்திருக்கட்டும்

கார்ட்டூன் உருவங்களும் பிரபல விளையாட்டு நிறுவனங்களின் சின்னங்களும் சுலபமாக விற்பனையாகும். ஆனால் அவை பிறர் சொத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எமது நாட்டில் பதிப்புரிமையையும் வியாபாரக் குறியையும் பாதுகாக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வடிவங்களிலும் எழுத்துருக்களிலும் பல சொந்தப் பாவனைக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. வியாபாரத்துக்கு அனுமதி உண்டா என்று வாசித்துவிட்டு எடுங்கள். பாடசாலைச் சின்னம் போடுவதென்றால் அதிபரின் கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தப் பெயரில் அல்லாமல் வேறு பெயரில் தொழிலை நடத்துவதாயின், வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவு செய்து கொள்ளுங்கள். பாடசாலைகளும் நிறுவனங்களும் ஓடர் தரும்போது பற்றுச்சீட்டும் பதிவும் கேட்பார்கள். வங்கிக் கணக்கு திறப்பதற்கும் அது உதவும்.

எப்படித் தொடங்குவது?

நண்பருக்கு நான் சொன்ன முடிவு இதுதான். வந்த வெட்டு இயந்திரம் கையில் இருக்கிறது. ஹீட் பிரஸுக்கு இப்போதே காசு போட வேண்டாம். முதல் ஒரு மாதம் மகள் மலிவான கடதாசியில் பழகட்டும். நூறு பெயர் வெட்டினால் கை தானாகப் படியும். இரண்டாம் மாதம் ஹீட் பிரஸ் தேவைப்படாத வேலைகளை, அதாவது பெயர் ஸ்டிக்கரையும் சிறு காட்டையும் கடையில் வையுங்கள். சேர்ட் ஓடர் வந்தால் வைனிலை வீட்டில் வெட்டி, ஹீட் பிரஸ் உள்ள ஒருவரிடம் கூலிக்கு அழுத்தி எடுங்கள். இலாபம் குறையும். ஆனால் ஊரில் மாதம் எத்தனை சேர்ட்டுக்கு ஆள் உண்டு என்பது சொந்தக் காசு போகாமலே தெரிந்துவிடும். மூன்று மாதம் தொடர்ந்து 50 சேர்ட் வந்தால் 230 வோல்ட் ஹீட் பிரஸ் ஒன்றை நம்பிக்கையோடு வாங்கலாம்.

"அப்ப மெஷினை வாங்கமுன்னம் ஓடரை வாங்கச் சொல்றீங்க" என்றார் நண்பர்.

"கடைக்குச் சரக்கு எடுக்கமுன்னம் நீங்களும் அதைத்தானே பாக்கிறீங்க நானா?" என்றேன்.

அவர் தலையசைத்தார். போகும்போது, மகளுக்கென்று ஒரு கணக்குக் கொப்பியும் வாங்கிக் கொண்டு போனார். தொழிலுக்கு அவர் வாங்கிய முதல் சாமான் அதுதான். அது நல்ல தொடக்கம் என்றே எனக்குப் பட்டது.